கன்சாஸ் பட்டியும் இருளப்பசாமி கிடாயும்

அமெரிக்காவுக்குப் போய்வந்ததைப் பற்றி எழுதச் சொல்லிப் பலர் கேட்டிருக்கிறார்கள். தள்ளிப்போட்டதற்குக் காரணம் சோம்பல் அல்ல. அந்தப் பயணத்தை எழுதினால், திரும்பி வந்த பிறகு எங்கள் ஊரில் ஒரு கிடாயின் செவிக்குள் நான் வைத்த மருந்தைப் பற்றியும் எழுத வேண்டும். அந்தச் செவியை என் அக்கா தின்றாள். அப்போது அவள் வயிற்றில் மூன்று மாதப் பிள்ளை. அவள் தின்னும்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன். தடுக்கவில்லை. எனக்கு இப்போது எண்பது கடந்துவிட்டது. அக்கா போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்தப் பிள்ளையிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

நான் கால்நடை மருத்துவன். சொந்த ஊர் திருச்சுழிக்குத் தெற்கே ஒரு கரிசல் கிராமம். மழை பெய்தால் பருத்தியும் மிளகாயும் விளையும், பெய்யாவிட்டால் கருவேலங்காய்தான். எழுபதுகளின் தொடக்கத்தில், என் முப்பத்திரண்டாவது வயதில், மூன்று மாதப் பயிற்சிக்காக என்னைக் கன்சாஸ் மாநிலத்துக்கு அனுப்பினார்கள். அங்கே இறைச்சி மாடுகளைப் பட்டியில் அடைத்துத் தீனி போட்டுக் கொழுக்க வைப்பார்கள். சீக்கிரம் எடை கூடுவதற்காக, ஹார்மோன் மருந்தைச் சிறு மாத்திரைகளாக்கிச் செவித்தோலுக்கு அடியில் வைப்பார்கள். எந்த மாத்திரை நன்றாக வேலை செய்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்துக் குறிப்பெடுத்து வருவது என் வேலை. பொங்கலுக்கு மாட்டைக் கும்பிடும் ஊரிலிருந்து ஒருவனை இதற்கு எதற்காக அனுப்பினார்கள் என்பது அன்றும் எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் கோட்டு தைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வழியனுப்ப அருப்புக்கோட்டை பஸ் நிலையத்துக்குப் பாக்கியம் அக்கா வந்திருந்தாள். காரியாபட்டியில் வாழ்க்கைப்பட்டவள். கல்யாணமாகிப் பதினான்கு வருடமாகியும் பிள்ளையில்லை. அவளுக்காக எங்கள் அம்மா அந்த வருடம்தான் குலசாமியான இருளப்பசாமிக்கு ஒரு கிடாய்க்குட்டியை நேர்ந்து விட்டிருந்தாள். அக்கா ஒரு டப்பா நிறையப் பருப்புப்பொடி கொண்டுவந்து என் பெட்டியில் திணித்தாள். “அங்கெல்லாம் உப்பு ஒறைப்பு இருக்காதாம்டா. இத வச்சுச் சமாளி. திங்கக் கூடாததத் தின்னுட்டு வந்து நிக்காத” என்றாள்.

நியூயார்க்கில் சுங்க அதிகாரி அந்த டப்பாவைத் திறந்து முகர்ந்தார். மூன்று தும்மல் போட்டார். இது என்ன மருந்து என்று கேட்டார். மருந்தில்லை, சோற்றில் பிசைந்து சாப்பிடுவது என்றேன். அவர் நம்பவில்லை. சாப்பிட்டுக் காட்டு என்றார். சோறு இல்லாமல், எண்ணெய் இல்லாமல், வெறும் பொடியை ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டேன். கண்ணில் நீர் வந்தது. “போ, போ” என்று பெட்டியை மூடிவிட்டார். அமெரிக்க மண்ணில் நான் உண்ட முதல் உணவு அக்கா இடித்த பருப்புப்பொடி.

இரண்டாம் நாள் பஸ்ஸில் தூங்கிப்போனேன். இறங்க வேண்டிய ஊருக்கு அடுத்த ஊரில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். ஐந்து மைல் திரும்பி நடந்தால் போதும் என்றார்கள். திருச்சுழிப் பள்ளிக்கூடத்துக்கு நான் நடந்த தூரம்தான். பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தேன். கால் மணி நேரத்தில் ஒரு போலீஸ் வண்டி வந்து பக்கத்தில் நின்றது. “இந்த ரோட்டில் நடப்பவர்கள் இரண்டே வகை. வண்டி கெட்டுப்போனவன், இல்லாவிட்டால் பெண்டாட்டியோடு சண்டை போட்டவன். நீ யார்?” என்று கேட்டார் போலீஸ்காரர். நான் மாடு பார்க்க வந்தவன் என்றேன். அது இரண்டையும்விட மோசம் என்று சொல்லிவிட்டு ஏற்றிக்கொண்டார்.

அந்தச் சமவெளியை எப்படிச் சொல்வது? சித்திரை மாதத்தில் எங்கள் ஊர்க் கரிசலில் நின்று பார்த்தால் நாலு பக்கமும் வானம் தரையில் இறங்கி நிற்கும். கன்சாஸும் அப்படித்தான் இருந்தது. அங்கங்கே பனைமரம் நட்டுவிட்டால் திருச்சுழி. காற்றுகூட அதேபோல, நிற்காத காற்று. ஊரை விட்டு வந்த ஏக்கம் முதல் வாரத்தில் எனக்கு வராததற்கு அந்தக் காற்றுதான் காரணம் என்று நினைக்கிறேன். இன்று வீட்டு மாடியில் உட்கார்ந்திருக்கும்போது மேல்காற்று அடித்தால் எனக்கு நினைவு வருவது கன்சாஸ்தான்.

பட்டியின் மேஸ்திரி பெயர் வால்ட். ஐம்பது வயது, நெடுநெடுவென்ற ஆள். தொப்பியைக் கழற்றி நான் பார்த்தது இரண்டே முறை. வந்த மறுநாள் தீனிக் கிடங்கைக் காட்டினார். குன்றுபோலக் கொட்டிக் கிடந்தது சிவப்புச் சோளம். கையில் அள்ளியதுமே தெரிந்துவிட்டது. மைலோ. அறுபதுகளின் நடுவில் மழை பொய்த்தபோது ரேஷன் கடையில் போட்டார்களே, அதே மைலோ. அருப்புக்கோட்டையில் அதற்காக அம்மா விடியற்காலையிலேயே போய் வரிசையில் நின்றிருக்கிறாள். கஞ்சி காய்ச்சினால் செங்கல் நிறத்தில் இருக்கும்.

“இதை நாங்கள் சாப்பிட்டிருக்கிறோம்” என்று வால்டிடம் சொன்னேன்.

“எங்கள் மாடுகள் இதுவரை குறை சொன்னதில்லை. உனக்கு எப்படி இருந்தது?” என்றார் சிரித்துக்கொண்டே. என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. தொப்பியைக் கழற்றினார். திரும்பவும் போட்டுக்கொண்டார். மறுநாள் அவர் மனைவி செய்த ஆப்பிள் பணியாரம் ஒரு முழுத்தட்டு என் மேசைமேல் இருந்தது. நான் வாழ்க்கையில் சந்தித்த நல்ல மனிதர்களில் வால்ட் ஒருவர்.

வேலையைச் சொல்கிறேன். ஒரே வயது, ஒரே எடையுள்ள காயடித்த காளைகளை மூன்று பட்டிகளாகப் பிரித்திருந்தார்கள். முதல் பட்டிக்கு மாத்திரை கிடையாது. இரண்டாம் பட்டிக்குப் பழைய மருந்து, ஸ்டில்பெஸ்ட்ரால். அது பெண் ஹார்மோனைப் போலச் செய்யப்பட்ட ஒன்று. மூன்றாம் பட்டிக்கு அப்போது புதிதாக வந்திருந்த மருந்து, மக்காச்சோளத்தில் பூக்கும் ஒரு பூஞ்சையிலிருந்து எடுத்தது. ஒரு மாடு மட்டும் நிற்கும் இரும்புக் கூண்டுக்குள் விட்டுக் கழுத்தைப் பிடிப்பார்கள். செவியைத் துடைத்து, துப்பாக்கி மாதிரி இருக்கும் தடித்த ஊசியைத் தோலுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவே செலுத்தி மாத்திரையை இறக்கிவிட வேண்டும். பிறகு கட்டைவிரலால் தடவிப் பார்த்தால் மிளகு மாதிரி நெருடும். நெருடினால் சரி. அந்த நெருடல் இன்றும் என் விரலில் இருக்கிறது.

ஒரு மாதத்தில் வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. மாத்திரை இல்லாத பட்டி பின்தங்கிவிட்டது. பழைய மருந்துக்கும் புது மருந்துக்கும் தராசில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் பழைய மருந்துப் பட்டியில் காளைகளின் நடத்தை மாறியது. ஒன்றன்மேல் ஒன்று ஏறின. வால் அடி மேலே தூக்கிக்கொண்டது. சிலவற்றுக்குக் காம்பு நீண்டிருந்தது. காயடித்த காளைக்குக் காம்பு நீள்வதை என் கையாலேயே தொட்டுப் பார்த்துக் குறிப்பில் எழுதியிருக்கிறேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு கூழாங்கல்லைப் பற்றி எழுதுவது போல எழுதியிருக்கிறேன்.

ஒரு நாள் அடைமழை. தீனி லாரி பட்டிக்கு நடுவில் சாணிச்சேற்றில் அச்சு வரை இறங்கிவிட்டது. சக்கரம் சுற்றச் சுற்ற இன்னும் இறங்கியது. வால்ட் கெட்ட வார்த்தைகளில் எனக்கு ஒரு தனி வகுப்பே எடுத்தார். கரிசல் சேற்றில் வண்டி மாட்டினால் நாங்கள் கருவேல முள்ளை வெட்டிச் சக்கரத்தடியில் போடுவோம். அங்கே முள்ளுக்கு எங்கே போவது? சோளத்தட்டையைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து சக்கரத்துக்கு முன்னால் குறுக்கே திணித்தேன். லாரி உறுமிக்கொண்டு ஏறிவிட்டது. அன்றிலிருந்து நான் அவர்களுக்கு ‘டாக்டர்’ ஆனேன். அதற்கு முன்பு ‘இந்தியாக்காரப் பையன்’.

அக்காவின் சொல்லை ஒன்பது நாள் காப்பாற்றினேன். ரொட்டி, அவித்த உருளைக்கிழங்கு, முட்டை, பருப்புப்பொடி. பத்தாம் நாள் மாட்டிறைச்சி தின்றேன். வால்ட் வீட்டு விருந்தில், அவர் மனைவி என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்ததால் மட்டும் அல்ல. வாசனையும் நன்றாக இருந்தது. ஊரில் இதை யாரிடமும் சொன்னதில்லை. மற்றதோடு ஒப்பிட்டால் இது பாவமே இல்லை. இருந்தாலும் சொல்ல வந்த இடத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது நல்லது.

மாத்திரையை ஏன் செவியில் வைக்கிறோம் தெரியுமா என்று ஒரு மத்தியானம் வால்ட் கேட்டார். ரத்த ஓட்டம் என்று என்னவோ சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். “முன்பு கோழிக்கும் இதே மருந்தைக் கழுத்தில் வைத்தார்கள். கழுத்தையும் தலையையும் வெட்டி, தோலுக்காக வளர்க்கும் ஒரு மாதிரிக் கீரிப் பண்ணைகளுக்குத் தீனியாகக் கொடுத்தார்கள். அந்தப் பண்ணைகளில் குட்டி போடுவது நின்றுபோனது. கழுத்தில் கரையாத மருந்து மிச்சம் இருந்திருக்கிறது. மாட்டுச் செவி அப்படியில்லை. வெட்டும் இடத்திலேயே குப்பைக்குப் போய்விடும். உலகத்தில் யாரும் செவியைத் தின்பதில்லை.”

நான் தலையாட்டினேன். எங்கள் ஊரில் ஆட்டுத்தலையைச் செவியோடு வாட்டிச் சுரண்டிக் குழம்பு வைப்பார்கள் என்பது, அந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு, அந்த நேரத்தில் நினைவுக்கே வரவில்லை. படித்ததை எல்லாம் இங்கிலீஷில் ஒரு பக்கம் வைத்திருந்தேன். தின்றதை எல்லாம் தமிழில் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவே கதவு இல்லை.

நான் தங்கியிருந்த வீட்டுக்காரம்மா பெயர் எட்னா. கணவர் இல்லை. பதினேழு வயதில் கேரன் என்று ஒரே மகள். என்னை வேலைக்காரன் மாதிரியும் நடத்தவில்லை, விருந்தாளி மாதிரியும் நடத்தவில்லை. சாப்பிட்டால் தட்டைக் கழுவி வைக்கச் சொன்னார். எனக்கு அது பிடித்திருந்தது. என் துணிகளோடு என் கோட்டையும் சேர்த்து எந்திரத்தில் துவைத்துவிட்டு, அது சுருங்கிக் கேரனுக்குக்கூடப் பற்றாமல் போனபோது இருவரும் சேர்ந்து சிரித்தோம்.

கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு, காலைச் சாப்பாட்டின்போது எட்னா ஒரு பத்திரிகையை என் பக்கம் தள்ளினார். கருவுற்ற பெண்களுக்குக் கர்ப்பம் கலையாமல் இருக்க முன்பு கொடுத்த ஒரு மாத்திரையைப் பற்றிய செய்தி. அந்தத் தாய்மார்களுக்குப் பிறந்த பெண்பிள்ளைகளில் சிலருக்கு, பெரியவர்களான பிறகு, புற்றுநோய் வந்திருக்கிறது. மருந்தின் பெயர் ஸ்டில்பெஸ்ட்ரால்.

“கேரனுக்கு முன்னால் எனக்கு இரண்டு கலைந்துபோனது. டாக்டர் இதைத்தான் கொடுத்தார். தினமும் சாப்பிட்டேன்” என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. “நீங்கள் மாட்டுச் செவியில் வைப்பதும் இதேதானா?”

எனக்குத் தெரியும், இதேதான். அவர் முகத்தைப் பார்த்தேன். “மாட்டுக்கு வேறு, மனிதருக்கு வேறு. பயப்படாதீர்கள்” என்றேன். அவர் காப்பியை ஊற்றிக் கொடுத்தார். நன்றி என்றார். ஆறுதல் சொன்னதாகத்தான் அன்று எனக்குத் தோன்றியது.

விடைபெற்ற அன்று வால்ட் ஒரு சின்னப் பெட்டி கொடுத்தார். பழைய மருந்து மாத்திரைகள் கொஞ்சம், ஊசித் துப்பாக்கி ஒன்று. ஊரில் காட்டு என்றார். அப்போதுதான் இரண்டாம் முறை தொப்பியைக் கழற்றினார்.

ஐப்பசியில் ஊர் திரும்பினேன். அந்த வருடம் எங்கள் பக்கம் மழை கைவிட்டிருந்தது. நேர்ந்து விட்ட கிடாய் எலும்பும் தோலுமாக, ஆனால் திமிர் குறையாமல், பார்த்தவரை எல்லாம் முட்டிக்கொண்டு திரிந்தது. சாமிக்கு விட்டதை அடிக்கவும் முடியாது, கட்டவும் முடியாது. கோயில் பூசாரி குருசாமி அண்ணன் என் வயதுக்கு மூத்தவர், வாய்க்கொழுப்பு உள்ளவர். டீக்கடையில் பத்துப் பேரை வைத்துக்கொண்டு கேட்டார்.

“தம்பி சீமையில போயி மாட்டக் கொழுக்க வைக்கப் படிச்சிட்டு வந்திருக்காரு. ஆனா இவுக வீட்டுக் கிடாயப் பாத்தா, சாமி அதத் திங்கிறதுக்குப் பதிலா அதுக்குச் சோறு போட்டுட்டுப் போயிருவாரு போல.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். எல்லாமே மாட்டுக்கான அளவு. ஆட்டுக்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியாமல் இல்லை; ஒன்றைப் பாதியாக உடைத்தாலும் அதிகம்தான். ஆனால் பங்குனிப் பொங்கலுக்குள் கிடாய் உருண்டு திரண்டு நிற்க வேண்டும் என்று ஒரு வெறி. மூன்று மாத்திரை வைத்தேன். இடது செவி. தை பிறந்து நாலைந்து நாள் கழித்து. யாரிடமும் சொல்லவில்லை. சாமி கிடாய்க்கு அங்கத்தில் ஊனம் கூடாது, ஊசித் துளைகூட ஊனம்தான்.

கிடாய் மாறியது. தொடை திரண்டது. முதுகு அகன்றது. முட்டுவதை விட்டுவிட்டது. பெட்டை ஆடு பக்கத்தில் வந்தாலும் திரும்பிப் பார்க்காமல் கண்ணை மூடி அசைபோட்டுக்கொண்டு நின்றது. அது பெண் ஹார்மோன் செய்த வேலை. ஊர் அப்படி நினைக்கவில்லை. கிடாய்க்குள் சாமி இறங்கிவிட்டது என்றார்கள். பெண்கள் அதன் காலில் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டார்கள். குருசாமி அண்ணனே ஒரு நாள் அதன் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு என்னைப் பார்த்து, “நாந்தான் தம்பி அவசரப்பட்டுப் பேசிட்டேன்” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. மறைப்பதற்கில்லை, பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்து அக்கா முழுகாமல் இருக்கிறாள் என்று காரியாபட்டியிலிருந்து சேதி வந்தது. பதினான்கு வருடத்துக்குப் பிறகு. ஊரே சேர்த்துப் பேசியது: கிடாய் அடங்கிய மாதமும் அக்காவுக்குத் தங்கிய மாதமும் ஒன்றுதானாம். அம்மா அழுதுகொண்டே போய்க் கிடாயைக் கட்டிக்கொண்டாள்.

பங்குனிப் பொங்கல். உச்சி வெயில். ஒரே வெட்டு. எங்கள் வகையறாவில் ஒரு வழக்கம் உண்டு. தலை பூசாரிக்குப் போகும். ஆனால் நேர்ந்துகொண்ட வீட்டில் வயிற்றுப்பிள்ளைக்காரி இருந்தால் நாக்கும் செவியும் அவளுக்கு. பிறக்கிற பிள்ளைக்குப் பேச்சுத் தெளிவாக வரும், காது கூர்மையாகக் கேட்கும் என்பார்கள். அது எனக்குத் தெரியாத வழக்கமல்ல. என் அத்தை தின்று பார்த்திருக்கிறேன். ஆனாலும் தலையைத் தீயில் வாட்டி ரோமம் பொசுங்கும் வாடை வந்தபோதுதான் எனக்குள் ஏதோ இடறியது. போய் நின்றேன். குருசாமி அண்ணன் கத்தியால் இடது செவியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஒரு வாரம் முன்பு அதைத் தடவிப் பார்த்திருந்தேன். மாத்திரை இன்னும் நெருடியது.

வாயைத் திறந்திருக்கலாம். செவியை வாங்கித் தூரப் போட்டிருக்கலாம். அப்படிச் செய்தால் ஏன் என்று கேட்பார்கள். சொன்னால், சாமி கிடாயை ஊனப்படுத்தினவன் நான். சாமி இறங்கவில்லை, மருந்து இறங்கியது. அம்மாவின் நேர்த்தி கெட்டது. அக்கா வயிற்றில் தங்கியது சாமி கொடுத்ததில்லை என்று ஆகிவிடும். இத்தனையும் ஒரு நொடியில் ஓடியது. எட்னாவின் முகமும் ஓடியது. ஒரு ஓரமாகப் போய் நின்றுகொண்டேன்.

அக்கா இலையில் உட்கார்ந்திருந்தாள். மிளகும் சீரகமும் போட்டுப் பிரட்டிய செவி. அவளுக்கு வாய்க்கசப்பு, ஒரு மாதமாக எதுவும் இறங்கவில்லை, அன்றுதான் ருசித்துச் சாப்பிட்டாள். என்னைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

“ஏலே முத்து, செவி மொறுமொறுன்னு இருக்குடா. இந்தா, ஒரு வாய் தின்னு.” ஒரு துண்டைப் பிய்த்து நீட்டினாள்.

“வேணாக்கா” என்றேன்.

“சீமைக்குப் போயிட்டு வந்தவருக்கு எங்க செவி ஆகாதாக்கும்” என்று சொல்லி அந்தத் துண்டையும் அவளே தின்றாள்.

புரட்டாசியில் பெண்குழந்தை பிறந்தது. இருளாயி என்று பெயர் வைத்தார்கள். நல்ல கண், நல்ல குரல். காதும் கூர்மைதான். மிச்சம் இருந்த மாத்திரைகளை ஊருக்கு வெளியே ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தேன். அதோடு தீர்ந்தது என்று நினைக்கப் பார்த்தேன். அந்த ஒரு செவியில் மிச்சம் இருந்த மருந்து ஒரு கருவை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் செய்யாமல் இருந்திருக்கலாம். எட்னா போன்றவர்கள் மாதக்கணக்கில் சாப்பிட்டார்கள். அக்கா ஒரு நாள் ஒரு துண்டு. இந்தக் கணக்கை எத்தனையோ முறை போட்டுப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அதில் ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதி ஒரு பகல் தாங்காது.

அமெரிக்காவிலேயே அந்த மருந்தை மாட்டுக்குத் தடை செய்தார்கள். வழக்கு நடந்தது. மருந்து திரும்ப வந்தது. எழுபதுகள் முடிவதற்குள் அடியோடு நிறுத்தினார்கள். எட்னா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வாழ்த்து அட்டை அனுப்புவார். ஒரு வருடம் அட்டையின் பின்புறம் இப்படி எழுதியிருந்தார்: “கேரனுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. பிழைத்துக்கொண்டாள். இனி அவளுக்குக் குழந்தை பிறக்காது. வருடாவருடம் பரிசோதித்திருந்தால் முன்னாலேயே தெரிந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார்.” என்மேல் ஒரு வார்த்தை குறை இல்லை. மாட்டுக்கு வேறு, மனிதருக்கு வேறு என்று நான் சொன்னதை அவர் நம்பியிருக்கக்கூடும். நம்பிப் பரிசோதனைக்குப் போகாமல் இருந்திருக்கக்கூடும். பதில் எழுதினேன். அந்தக் காலைப்பொழுதில் பொய் சொன்னேன் என்று எழுதினேன். அதற்குப் பிறகு அட்டை வரவில்லை.

பதில் எழுதி முடித்த மறுநாள் காரியாபட்டி பஸ் ஏறினேன். ஒரு மணி நேரப் பயணம். கன்சாஸுக்குப் போனபோது இல்லாத பயம். கல்குறிச்சி பக்கம் பஸ் டயர் வெடித்து எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். மற்றவர்கள் கண்டக்டரைத் திட்டினார்கள். எனக்கு இன்னும் இரண்டு டயர் வெடித்தாலும் பரவாயில்லை என்று இருந்தது.

மச்சான் கடையில் இருந்தார். இருளாயி பள்ளிக்கூடம் போயிருந்தாள். அக்கா புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து, இருளப்பசாமி கிடாய் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

“ஏன் இல்லாம? சாமியே எறங்குன கிடால்ல அது.”

“சாமி எறங்கலக்கா. நான் மருந்து வச்சேன்.”

எல்லாவற்றையும் சொன்னேன். பட்டி, மாத்திரை, எட்னா, கேரன், செவி. அவள் கை நிற்காமல் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தது. நான் முடித்த பிறகுதான் நின்றது.

“அன்னைக்கு உனக்கு ஒரு துண்டு பிச்சுக் குடுத்தேன். வேணாம்னுட்ட.”

“ஆமா.”

“தெரிஞ்சுதான் வேணாம்னியா?”

“தெரிஞ்சுதான்.”

அவள் புளித்தட்டைத் தள்ளி வைத்தாள். “உன் வாயக் காப்பாத்திக்கத் தெரிஞ்சிருக்கு” என்றாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு, பிள்ளைக்கு என்ன வரும் என்று கேட்டாள். வரலாம், வராமலும் போகலாம்; பெரியவளான பிறகு வருடாவருடம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றேன்.

“யாரு கூட்டிட்டுப் போறது?”

“நான் போறேன்.”

“நீதான் போகணும். வெவரம் தெரியிற வயசுல அவகிட்டயும் நீதான் சொல்லணும். டாக்டர்ட்டயும் நீதான் சொல்லணும். என் வாயால நான் இத எங்கயும் சொல்ல மாட்டேன். அதுவரைக்கும் செத்துக்கித்துப் போயிராத.”

அன்றைக்கு எனக்குக் காப்பி போடவில்லை. அதற்குப் பிறகு ஒரு வருடம் என்னோடு பேசவில்லை. அம்மாவிடமோ மச்சானிடமோ ஊரிலோ கடைசி வரை சொல்லவும் இல்லை. கிடாய்ப் பேச்சு எடுத்தால் எழுந்து போய்விடுவாள்.

இருளாயிக்குப் பதினெட்டு வயதானபோது சொன்னேன். ஆசிரியப் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தாள். தரையையே பார்த்துக்கொண்டு கேட்டாள். “அம்மா ஒரு நாளும் இதச் சொல்லலையே” என்றாள். அது என் வேலை என்று சொல்லிவிட்டாள் அம்மா என்றேன். “சரி மாமா. எந்த ஆஸ்பத்திரி?” என்று மட்டும் கேட்டாள்.

அன்று தொடங்கி ஒவ்வொரு வருடமும், அவள் கல்யாணத்துக்கு முன்பும் பின்பும், நாங்கள் இருவரும் மதுரைக்குப் போய்வருகிறோம். அவளுக்கு முதல் பிள்ளை தங்கவில்லை. எத்தனையோ பெண்களுக்கு அப்படி ஆகிறது; இதனால்தான் என்று யாராலும் சொல்ல முடியாது, இதனால் இல்லை என்றும் சொல்ல முடியாது. பிறகு ஒரு மகன் பிறந்தான். இப்போது வேலைக்குப் போகிறான். பரிசோதனையில் இதுவரை ஒன்றும் தென்படவில்லை. பஸ்ஸில் பள்ளிக்கூடக் கதைகளைச் சொல்லிக்கொண்டு வருவாள். திரும்பும்போது ஏதாவது வாங்கித் தின்போம். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு மாமனும் மருமகளும் டவுனுக்குத் துணி எடுக்கப் போய்வருகிற மாதிரி இருக்கும்.

முதல் வருடம் நான் சொல்லக் கேட்ட பழைய மருத்துவர் அதைக் கோப்பில் எழுதாமலே ஓய்வு பெற்றுவிட்டார். இந்த வருடம் புதிதாக ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தார். கோப்பைப் புரட்டிவிட்டு, ஒன்றும் இல்லாதபோது எதற்காக இத்தனை வருடமாக விடாமல் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். இருளாயி கதவைத் திறந்து வெளியே உட்கார்ந்திருந்த என்னைக் கூப்பிட்டாள்.

“மாமா, உள்ள வாங்க. டாக்டர்ட்டச் சொல்லுங்க.”

போய் உட்கார்ந்தேன். சொன்னேன். மருந்து வைத்திருந்தார்கள் என்றுதான் வாயில் வந்தது. மருத்துவர் மருந்தின் பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டார். எந்த மாதம், கர்ப்பம் எத்தனை வாரம், எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு பேனாவைப் பிடித்தபடியே நிமிர்ந்தார்.

“அந்தக் கிடாக்கு மருந்து வச்சது யாரு, தெரியுமா?”

இருளாயி என்னைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த கைப்பையின் பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

“நாந்தாம்மா” என்றேன்.

அவர் அதையும் எழுதிக்கொண்டார்.